இரண்டு தடவைதான் வாசிப்பார்கள்

அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் வகுப்பில் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாது. அந்தப் பேரைச் சொல்லி நாங்கள் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. 'ஆமாங்க அண்ணன்' என்றுதான் சொல்வோம். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் அது ஒன்றுதான். சாப்பிட்டாச்சுங்களா என்றால் ஆமாங்க. மழை வரும்போல இருக்குது என்றால் ஆமாங்க. நாளைக்கு லீவாமா என்று எவனாவது புளுகினாலும் ஆமாங்க. தலையைக் கொஞ்சம் சாய்த்து, சிரித்த முகத்தோடு, இரண்டு கண்ணையும் நம் வாயிலேயே வைத்துக்கொண்டு சொல்வார். இவ்வளவு பணிவான மனுஷன் உண்டா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, மடையனுக்கு.

நாமக்கல்லில் நாங்கள் படித்த ஹைஸ்கூலில் அப்போது எனக்குப் பதினாறு வயது, அவருக்கு இருபத்தொன்று. கடைசி வகுப்பில் மீசை வைத்தவர்களும் கல்யாணமானவர்களும் உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவருடைய அப்பா அங்கே கல் உடைக்கிற கூட்டத்துக்கு மேஸ்திரி. சொந்த ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம்.

ஒரு நாள் நாவிதரிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனவர் மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வந்தார். நாவிதர் பின்னால் நின்றுகொண்டு, "தலையில பேன் இருக்குதாட்டங்க, மொத்தமா எடுத்தரலாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாங்க என்றிருக்கிறார். அத்தோடு போயிருந்தால் சரி. ஹெட்மாஸ்டர் ஆஜர்ப் பட்டியலில் கண்ணை வைத்துக்கொண்டே, "வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்றார். ஆமாங்க சார். "அடடா, அப்பாவா?" ஆமாங்க சார். ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து தோளைத் தொட்டு, பத்து நாள் லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார். நாங்களெல்லாம் எழுந்து நின்றோம்.

பதினோராம் நாள் அந்த அப்பாவே நிலக்கடலை மூட்டையோடு ஸ்கூல் வாசலில் வந்து நின்று, எம் பையன் எந்தக் கிளாசுங்க என்று கேட்டார். அண்ணனுக்கு ஆறு பிரம்படி விழுந்தது. ஏன் பொய் சொன்னாய் என்று ஒவ்வொரு அடிக்கும் ஹெட்மாஸ்டர் கேட்டார். அண்ணன் கையை நீட்டியபடியே நின்றார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

நானும் அவரும் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். சமையல் அவர். அரிசி பருப்பெல்லாம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து அவருடைய தாய்மாமன் அனுப்பி வைப்பார். ராகிக் களி கிண்டினால் அவர் கை பட்ட களி உள்ளங்கையில் ஒட்டாது. ஒரு கையால் கிண்டிக்கொண்டே மறு கையில் ஏதாவது இங்கிலீஷ் காகிதம் வைத்திருப்பார். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள், தீப்பெட்டி, ரயில் நேரப் பட்டியல், மண்ணெண்ணெய் டின்னில் ஒட்டியிருக்கும் சீட்டு, மருந்து பாட்டிலோடு வருகிற மடக்குத் தாள், எதுவும் தப்பாது. படித்து முடித்ததை நான்காக மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் அடுக்கி வைப்பார். இங்கிலீஷ் பாரா ஒன்றைக் கொடுத்து, படித்துப் பதில் எழுதச் சொன்னால் அவர்தான் முதல். எங்களுக்கெல்லாம் முதல் வரியே தொண்டையில் சிக்கும்போது அவர் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் இங்கிலீஷிலேயே இரண்டு வருஷம் தவறியிருந்தார். அதற்குக் காரணம் எங்கள் ஹெட்மாஸ்டரின் செலக்சன் பரீட்சை. மார்கழியில் நடக்கும். அதில் தேறினால்தான் ஸ்கூல் பைனல் என்கிற பெரிய பரீட்சைக்குப் பேர் அனுப்புவார். இங்கிலீஷுக்கு இரண்டு பகுதி. ஒன்று படித்து எழுதுவது. இன்னொன்று கேட்டு எழுதுவது. வாத்தியார் ஒரு பாராவை உரக்க வாசிப்பார். அதன் பிறகு கரும்பலகையில் கேள்விகளை எழுதிப்போடுவார். காதில் விழுந்ததை வைத்துப் பதில் எழுத வேண்டும். "துரை சொன்னது புரியாமல் முழிக்கிற குமாஸ்தாவை என் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்ப மாட்டேன். இரண்டு தடவைதான் வாசிப்பார்கள். மூன்றாம் தடவை அந்த நரசிம்ம சாமியே மலையிறங்கி வந்து கேட்டாலும் கிடையாது" என்பார். இரண்டு பகுதியிலும் தேற வேண்டும். மூன்று வருஷம் தவறினவனுக்கு சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு அது மூன்றாம் வருஷம்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பித்தளைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். வாசற்படி தடுக்கிக் குடம் கல் தரையில் விழுந்தது. விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை வீரிட்டது. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அசையவில்லை. தண்ணீர் ஓடிப்போய் அவர் வேட்டியை நனைத்த பிறகுதான் துள்ளி எழுந்து திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்து முடியாமல் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டார்.

"தெரிஞ்சு போச்சுங்களா தம்பி" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் அப்பாவைப் பார்க்க மேட்டூர் போனபோது காட்டுக் காய்ச்சல் கண்டிருக்கிறது. அணைக் கூலி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கொயினா மருந்தைத் தண்ணியாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு காதும் போயிற்று. "காதுக்குள்ளாற ஒரு செக்கு ஓடுதுங்க தம்பி. அன்னைக்கு ஓட ஆரம்பிச்சது, இன்னும் நிக்கலீங்க. அந்தச் சத்தத்தை மீறி ஒண்ணும் உள்ள வர மாட்டீங்குது. வாயைப் பாத்துத்தான் சமாளிக்கறேன்" என்றார். எங்கள் இங்கிலீஷ் வாத்தியாருக்கு மீசை கிடையாது, உதடு தடித்த மனுஷர், வகுப்பைப் பார்த்தே பேசுவார். அதனால் வகுப்பில் பிழைத்துக்கொண்டார். செலக்சன் பரீட்சையில் மட்டும் சலுகை இருக்கக் கூடாதென்று சரித்திர வாத்தியாரை வாசிக்கச் சொல்வார்கள். அவருக்கு மீசை வாயை மூடிக் கிடக்கும். போதாததற்குத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

"ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லீரலாமுங்கண்ணா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, எரிகிற அடுப்புக்கு மேலே கொண்டுபோனார். "நெருப்பு மேல சத்தியம் பண்ணுங்க. யாருகிட்டயும் சொல்லப்படாது. மாமன் காதுக்குப் போச்சுன்னா நான் செத்தேன்."

அன்றைக்குத்தான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. அண்ணனுக்குக் கல்யாணமாகியிருந்தது; அந்தத் தாய்மாமன் மகள்தான். காய்ச்சலுக்கு முந்தின தையில் தாலி கட்டினார். பெண் சிறு பிள்ளை என்று தகப்பன் வீட்டிலேயே இருந்தாள். பிறகு, மாப்பிள்ளை ஸ்கூல் பைனல் முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். இரண்டு தடவை தவறியதும் மாமன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். செலக்சனில் பேர் வந்தால் தையில் பெண்ணை அனுப்புகிறேன். வராவிட்டால் யோசிக்க வேண்டியதுதான். செவிட்டு மாப்பிள்ளை என்று தெரிந்தால் யோசிக்கக்கூட மாட்டார் என்பது அண்ணனின் பயம்.

"ஆடிக்குப் போயிருந்தேனுங்க" என்றார். "அவ கதவுக்குப் பின்னாடி நின்னுட்டு என்னமோ கேட்டா. உதடு தெரியலீங்க. வளையல் போட்ட கைதான் தெரிஞ்சுது. நான் ஆமான்னேன். மறுக்கா என்னமோ கேட்டா. அதுக்கும் ஆமான்னேன். உள்ள போயி அழுகறான்னு அத்தை வந்து சொன்னாங்க. என்ன கேட்டாளோ, தம்பி. மூணு மாசமா அதையேதான் நெனச்சுட்டிருக்கறேன். என்னைப் பிடிக்கலையான்னு கேட்டிருப்பாளோ?"

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதிலுக்காகத்தான் பார்க்கிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்தே எனக்கு உறைத்தது. நெருப்பின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

யோசனை என்னுடையதுதான். பரீட்சை நாளில் மட்டும் எங்கள் ஹாலில் பெஞ்சுகளை எதிரும் புதிருமாக இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் வாத்தியார் நடக்க வழி விடுவார்கள். நான் ஒரு வரிசை, அவர் எதிர் வரிசை. வாத்தியார் வாசிக்க வாசிக்க, நான் சத்தம் வராமல் உதட்டால் அதையே சொல்லிக்கொண்டு போனால் அவர் பார்த்துக்கொள்வார். அன்று முதல் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் குளக்கரையில் பயிற்சி. பழைய பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் வாயசைப்பேன். நாலு படி தள்ளி உட்கார்ந்து அவர் எழுதுவார். "தம்பி, அவசரப்படாதீங்க. உதட்டை மூடித் தொறக்கற எழுத்தெல்லாம் ஒண்ணாட்டவே தெரியுது. நான் கோத்துக்கறேன், நீங்க நிதானமாச் சொல்லுங்க" என்பார். முதல் நாள் பத்து வாக்கியத்தில் மூன்றைப் பிடித்தார். கார்த்திகை முடிவதற்குள் எட்டு. மிச்சம் இரண்டைத் தன் படிப்பால் ஊகித்துவிடுவார்.

துணி துவைக்க வருகிற ஒரு அம்மாள் எங்களைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் கிட்டே வந்தாள். "பாவம், ஊமைப் புள்ளைங்களா? நீங்க புண்ணியவானுங்க சாமி, இப்படிக் கூடவே உக்காந்து பாத்துக்கறீங்களே" என்று என்னைக் காட்டி அண்ணனிடம் சொன்னாள். அவர் அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஆமாங்க என்றார். அவள் போன பிறகு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பரீட்சை நாள். காலையில் படித்து எழுதும் பகுதி. வழக்கம்போல அரை நேரத்தில் முடித்துவிட்டார். மத்தியானம் கேட்டு எழுதுவது. மேடையில் ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். சரித்திர வாத்தியார் தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு ஆரம்பித்தார். கடலில் திசை தப்பிய ஒரு கப்பலைப் பற்றிய பாரா. எங்கள் ஹாலில் ஒருவனும் கடலைப் பார்த்தவன் இல்லை. நான் உதட்டை அசைக்கத் தொடங்கினேன். எதிர் வரிசையில் அண்ணன் கண் கொட்டாமல் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இமையைத் தாழ்த்திப் பிடித்துவிட்டேன் என்று காட்டினார். மூன்று வாக்கியம் போயிற்று. நாலாவதில் வாத்தியார் என் முன்னால் வந்து நின்றார்.

"என்னடா முணுமுணுப்பு? மந்திரமா?"

"இல்லீங்க சார்."

"வாயை அசைக்காமல் உனக்குக் கேட்கத் தெரியாதா?" என்றவர், என் மேஜை மேலிருந்த பென்சிலை எடுத்து என் பல்லுக்கு நடுவே குறுக்காக வைத்தார். "கடி. வாசித்து முடிக்கிற வரைக்கும் எடுத்தாயோ, வெளியே போ." நாலு பேர் சிரித்தார்கள்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். நான் மாடு மாதிரி பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு வாத்தியாரின் முதுகைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவர்களின் முகங்களைப் பார்த்தார். எங்காவது ஒரு வார்த்தை கிடைக்காதா என்று அந்தக் கண் அலைந்தது. பாரா முடிந்துவிட்டது என்பதுகூட, எல்லோரும் தலை குனிந்து எழுதத் தொடங்கியதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கரும்பலகையில் ஏழு கேள்விகள். அவற்றை மேலிருந்து கீழாகப் படித்தார், மறுபடி படித்தார். வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். பரவாயில்லை, விடுங்க என்ற மாதிரி.

அந்தச் சிரிப்பைத் தாங்க என்னால் முடியவில்லை. பென்சிலைத் துப்பிவிட்டு எழுந்தேன். "சார், அவருக்குக் காது கேட்காதுங்க சார்! மூணு வருசமாவே கேட்காதுங்க!" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. நான் என்ன சொன்னேன் என்று அத்தனை முகத்திலும் அவர் படித்துக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் மேடையைவிட்டு இறங்கி வந்தார். அண்ணனின் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். அந்த ஆறு பிரம்படியை நினைத்துக்கொண்டார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். சரித்திர வாத்தியாரின் கையிலிருந்த தாளை வாங்கி, அண்ணனுக்கு முன்னால் வைத்து, விரலால் தொட்டு, "படி. படித்து எழுது" என்றார். சாமி வந்து கேட்டாலும் மூன்றாம் தடவை கிடையாது என்றவர் அவர். ஏழு கேள்விக்கும் ஏழு பதில். அந்த வருஷம் இங்கிலீஷில் அண்ணன்தான் முதல்.

சாயங்காலம் அறைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போனபோது களி தயாராக இருந்தது. எனக்கு முதலில் போட்டுவிட்டு, "சொல்லிப்போட்டீங்களே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் கழித்து அவரே, "போகட்டும். பாஸாயிருவேன் பாருங்க. அயோத்தியாப்பட்டணம் எங்க இருக்குது, நாமக்கல் எங்க இருக்குது. யாரு போயிச் சொல்லப் போறாங்க?" என்றார். நானும் நம்பினேன்.

ஊர் ஊராகப் போய் யாரும் சொல்லவில்லை. மாமனே கிளம்பி வந்துவிட்டார். செலக்சன் பட்டியல் ஒட்டுகிற நாளை விசாரித்து வைத்துக்கொண்டு, பெண்ணை அனுப்ப நாள் பார்த்துக் குறித்த மஞ்சள் தடவிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போயிருக்கிறார். ஹெட்மாஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: உங்கள் மாப்பிள்ளை மாதிரி ஒருவனை என் சர்வீஸில் பார்த்ததில்லை, மூன்று வருஷமாகச் சுத்தமாகக் காது கேட்காமல் படித்து, இன்றைக்கு இங்கிலீஷில் முதலாவது. நல்ல மனுஷர் நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தை. கெட்டவன் ஒருவன் சொல்லியிருந்தால் மாமன் நம்பாமலாவது இருந்திருப்பார்.

அந்த நேரம் நாங்கள் வராந்தாவில் பட்டியலுக்கு முன்னால் நின்றோம். அண்ணன் பலகையைப் பார்த்து நின்று, தன் பேரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நான் பலகையின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால், பத்தடி தள்ளி, தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஒரு விரலைத் தூக்கி உதட்டில் வைத்தார்.

"மாப்ள" என்றார்.

அண்ணன் திரும்பவில்லை.

வராந்தாவே அதிர, "மாப்ளே!" என்றார். தோட்டக்காரன் திரும்பினான். வகுப்புக்குள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தடவை. அதற்கு மேல் அவரும் கூப்பிடவில்லை.

நான் உதட்டை ஒரு தடவை அசைத்திருந்தால் போதும். 'மாமா' என்று வாயைக் காட்டியிருந்தால் அண்ணன் அந்த நிமிஷமே திரும்பியிருப்பார். இரண்டு மாதம் குளக்கரையில் வேறென்ன செய்தோம்? ஆனால் அந்த விரல் என்னைக் கட்டிப்போட்டது. பெரியவர் சும்மா இரு என்கிறார், சும்மா இருந்தேன். பல்லுக்கு நடுவே அன்றைக்குப் பென்சில்கூட இல்லை.

மாமன் கிட்டே வந்து அண்ணனின் தோளைத் தொட்டார். அண்ணன் திரும்பினார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படி எழுதுவேன். "மாமா! பேரு வந்திருச்சுங்க மாமா! பாருங்க, ரெண்டாவது பேரு!" என்று அவர் கையைப் பிடித்துப் பலகைக்கு இழுத்தார். மாமன் பலகையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஒரே பொண்ணு சாமி. ராத்திரி பகல்ல ஒரு ஆபத்துன்னு அவ கூப்பிட்டா உனக்குக் கேக்காதே. உம்மேல எனக்குக் கோவம் இல்லை. எங்க அக்கா பெத்த புள்ள நீ. ஆனா அவளை அனுப்ப மாட்டேன் மாப்ள. தையில இல்ல, எப்பவுமே அனுப்ப மாட்டேன்."

குனிந்த தலை. துண்டு மறைத்த வாய். அண்ணன் அதே சிரிப்போடு தலையைச் சாய்த்து, "ஆமாங்க மாமா" என்றார்.

மாமன் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தார். கண் நிறைந்திருந்தது. திரும்பி நடந்து, கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். அண்ணன் என்னிடம் வந்து, "என்ன சொன்னாருங்க? தையில எத்தனாந் தேதின்னாரு?" என்றார்.

அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளக்கரையில் சொன்ன மாதிரியே, சத்தம் இல்லாமல், நிதானமாக, உதட்டால் சொன்னேன். அனுப்ப மாட்டாராம். எப்பவுமே. ஒரு தடவைதான் சொன்னேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

பெரிய பரீட்சைக்கு அவர் உட்காரவில்லை. ஹெட்மாஸ்டர் எங்கள் அறைக்கே வந்து கெஞ்சினார். அண்ணன் ஆமாங்க சார், ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டினார். மேட்டூருக்கு, அப்பாவோடு கல் உடைக்கப் போகிறேன் என்றார். "அங்கத்த வெடிச் சத்தத்துக்கு ஆறு மாசத்துல எல்லாருமே செவிடுதானுங்க. யாரும் வித்தியாசமாப் பாக்க மாட்டாங்க" என்று சிரித்தார். சட்டி கரண்டியை எனக்கு விட்டார். அரிசி களையும்போது கல் பார்த்துக் களையச் சொன்னார். பானைக்குப் பின்னால் அடுக்கியிருந்த காகிதங்களை மட்டும் அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் அவற்றை எரிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கடைசி வரை அனுப்பவே இல்லை என்று ரொம்ப வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று என்ன கேட்டாள் என்பது யாருக்கும் தெரியாது.

சேலம் பஸ் காலை வெயிலில் நின்றது. அண்ணன் குனிந்து பெட்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று முகத்தைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. அன்னைக்கு ஹால்ல கத்தினதும் தப்பு, வராந்தாவுல சும்மா நின்னதும் தப்பு. என்னை மன்னிச்சுப் போடுங்க."

என் நிழல் அவர் பெட்டியின் மேல் விழுந்திருந்தது. யாரோ பின்னால் நின்று ஏதோ பேசுகிறார்கள் என்று அதை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "ஆமாங்க" என்றார்.